பீரியட்ஸுக்கு முந்தைய வாரம்: ஏறும் எடை, அடங்காத பசி

கேள்வி: 9 ஜூன் 2025

மூன்று வாரம் வாயைக் கட்டி, சாயங்காலம் நடந்து, ஒரு கிலோ குறைக்கிறேன். தேதி நெருங்கும் வாரத்தில் பசி தாங்க முடிவதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறந்தால் பாதி காலி. காலையில் எடை பார்த்தால் ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறது. குறைத்ததெல்லாம் போச்சு. உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்கிறார் வீட்டுக்காரர். வயது 31, ஒரு குழந்தை. இதை எப்படி நிறுத்துவது?

பதில்: 9 ஜூன், இரவு

முதலில் அந்த ஒன்றரை கிலோ. அது கொழுப்பு இல்லை. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். ஒன்றரை கிலோவுக்கு 11,500. ஐந்தே நாளில் அது சேர வேண்டுமென்றால், வழக்கமான சாப்பாடு போக, தினமும் இன்னும் 2,300 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். அதாவது ஐந்து நாளும் இரண்டு ஆள் சாப்பாடு. பாதி டப்பா மிக்சரில் அவ்வளவு கிடையாது.

ஏறியதில் பெரும்பகுதி நீர். மிக்சரின் உப்பு அதோடு சேர்ந்துகொண்டது. இன்னொரு பங்கு குடலில் நிற்பது. கருமுட்டை வெளிவந்த பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குடலின் வேகத்தைக் குறைக்கும். அதனால்தான் அந்த வாரம் பலருக்கு மலச்சிக்கல், வயிறு உப்புசம். தேதி வந்ததும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கருப்பையோடு குடலையும் சுருக்குகிறது, முதல் நாள் இரண்டு மூன்று முறை போக வேண்டி வருகிறது. எடையும் இறங்கத் தொடங்குகிறது.

"நிறுத்துவது எப்படி" என்பதற்கு நாளை எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: அந்த வாரம் எடை பார்க்காதீர்கள்.

10 ஜூன்

நேற்றைய கடைசி வரி சிலருக்குப் பிடிக்கவில்லை. "பார்க்காமல் இருந்தால் ஏறாமல் போய்விடுமா" என்று ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. பார்க்க விரும்புபவர்கள் பாருங்கள், ஆனால் எதோடு ஒப்பிடுவது என்று தெரிந்து பாருங்கள். இந்த மாதத்தின் 24ஆம் நாளை இந்த மாதத்தின் 8ஆம் நாளோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். போன மாதத்தின் 24ஆம் நாளோடு ஒப்பிடுங்கள். நாள் கணக்கு ரத்தம் பட்ட முதல் நாளிலிருந்து. நான் ரசித்துப் பார்க்கிற எண் ஒன்றே ஒன்று, தேதி வந்து ஆறாம் ஏழாம் நாள் காலையில் வருவது. அப்போது வீக்கம் வடிந்திருக்கும்.

கனடாவின் வான்கூவரில் 62 பெண்களை ஓர் ஆண்டு முழுக்கத் தினமும் குறிப்பெழுதச் சொல்லி ஒரு ஆய்வு நடந்தது, 2011இல் வெளிவந்தது. 765 சுழற்சிகள். உடம்பு வீங்கியது போன்ற உணர்வு உச்சத்துக்குப் போனது ரத்தப்போக்கின் முதல் நாளில். நாம் எல்லாரும் "முந்தைய வாரம்" என்று சொல்கிறோம், ஆனால் மேலே ஏறிக்கொண்டே போய் முதல் நாளில்தான் உச்சம். அந்தப் பெண்களின் ஹார்மோன் அளவுக்கும் வீக்கத்துக்கும் நேரான தொடர்பும் கிடைக்கவில்லை. ஆகவே "எனக்கு ஹார்மோன் அதிகம், அதனால் வீங்குகிறேன்" என்று மருந்து தேட வேண்டாம்.

சராசரியாக எவ்வளவு ஏறும் என்று பார்த்தால், அளந்து பார்த்த இடங்களில் அரை கிலோ அளவில்தான் வந்திருக்கிறது. சிலருக்கு ஒன்றுமே ஏறாது, சிலருக்கு இரண்டு கிலோ. ஒன்றரை ஏறுவதால் உங்கள் உடம்பில் கோளாறு என்று அர்த்தமில்லை.

10 ஜூன், கொஞ்சம் கழித்து

கேட்டவரின் வீட்டுக்காரர் சொன்னதைப் பற்றி எழுத மறக்கக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பசியை அடக்கும். அது உச்சத்தில் இருப்பது கருமுட்டை வெளிவரும் நேரத்தை ஒட்டி. அப்போது பெண்கள் இயல்பாகவே கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுகிறார்கள், யாரும் அதைப் பாராட்டி மனக்கட்டுப்பாடு என்று சொல்வதில்லை. அதற்குப் பிந்தைய இரண்டு வாரத்தில் புரோஜெஸ்டிரோன் ஏறுகிறது, உடம்பின் சூடே அரை டிகிரி வரைக்கும் கூடுகிறது. பசியும் கூடுகிறது. குரங்கு, எலி என்று மற்ற விலங்குகளிலும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். எலிக்கு யார் போய் மனக்கட்டுப்பாடு சொல்லிக் கொடுப்பது?

12 ஜூன்

பசி எவ்வளவு கூடுகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான், அதனால் நீளமாக எழுதப்போகிறேன்.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், பிந்தைய இரண்டு வாரத்தில் பெண்கள் கூடுதலாகச் சாப்பிடுவது சராசரியாக ஒரு நாளைக்கு 168 கலோரி என்று வந்தது. ஓய்வில் உடம்பு எரிக்கும் சக்தியும் அந்த நாட்களில் சிறிது கூடும். பழைய ஆய்வுகளில் அது பெரிதாகத் தெரிந்தது, புதியவற்றில் சிறிதாகிவிட்டது. எப்படிப் பார்த்தாலும் 168 கலோரி என்பது இரண்டு இட்லியும் தேங்காய்ச் சட்னியும். அவ்வளவுதான் உடம்பு கேட்பது.

அப்படியானால் ராத்திரி பத்து மணிக்கு அரை டப்பா காலியாகிறதே, அது எங்கிருந்து வருகிறது?

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். என்னோடு வேலை செய்கிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள். ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, டப்பா கட்டி, பிள்ளைகளைக் கிளப்பி, கம்பெனி வேனைப் பிடிக்கும்போது தன் வாய்க்கு ஒரு டம்ளர் டீதான் போயிருக்கும். பதினோரு மணிக்கு இன்னொரு டீயும் பன்னும். மதியம் டப்பாவில் சோறு நிறைய, குழம்பு கொஞ்சம், பொரியல் இருந்தால் உண்டு. முட்டையும் மீனும் பிள்ளைக்கும் வீட்டுக்காரருக்கும். ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருப்பது. இது திருப்பூருக்கு மட்டும் உரியதில்லை, ஆபீஸில் உட்காரும் பெண்களிடமும் பார்க்கிறேன், அங்கே டீக்குப் பதில் "டயட்" என்று காரணம் சொல்கிறார்கள்.

மாதத்தில் மூன்று வாரம் இந்த ஓட்டம் ஓடிவிடும். பசியை மிதித்துக்கொண்டு நடப்பது பழகிவிடும். நான்காவது வாரம் உடம்பு இரண்டு இட்லி கூடுதலாகக் கேட்கிறபோது, அந்தக் கேள்வியோடு பழைய பாக்கியும் சேர்ந்து வந்து நிற்கிறது. காலையிலிருந்து 600 கலோரி தாண்டாத உடம்பு ராத்திரி பத்து மணிக்கு மிக்சரைத் தேடாமல் வேறு எதைத் தேடும்? 100 கிராம் மிக்சரில் 500 கலோரிக்கு மேல், எண்ணெயும் உப்பும் காரமும், அடுப்புப் பற்ற வைக்கத் தேவையில்லை, பாத்திரம் கழுவத் தேவையில்லை.

ஆகவே கேட்டவருக்கு என் பதில்: அந்தப் பசியை நிறுத்த வேண்டாம், முன்னாலேயே சோறு போடுங்கள். அந்த வாரம் காலைச் சாப்பாடு கட்டாயம். இரண்டு இட்லி சாப்பிடுகிறவர் நான்கு, கூடவே ஒரு முட்டை அல்லது ஒரு கரண்டி கெட்டியான சாம்பார். நாலு மணிக்குச் சுண்டல், வேர்க்கடலை, பொட்டுக்கடலை ஏதாவது ஒரு கிண்ணம். ராத்திரி எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவது. கடைசியாகச் சொன்னதுதான் கடினம், தெரியும்.

13 ஜூன்

"நான்கு இட்லி சாப்பிட்டால் இன்னும் எடை ஏறாதா?" ஏறாது. காலையில் கூடுதலாகப் போகும் இரண்டு இட்லியின் 130 கலோரி ராத்திரி 500 வராமல் தடுக்கிறது. ஒரு மாதம் செய்து பாருங்கள், எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

புதிதாக டயட் தொடங்குகிறவர்களும் அந்த வாரத்தைத் தவிருங்கள். தேதி முடிந்த மறுநாள் தொடங்கினால் பசி நம் பக்கம் இருக்கும். திங்கட்கிழமை, ஒன்றாம் தேதி என்றெல்லாம் நாள் குறிப்பதைவிட இது பலன் தரும்.

19 ஜூன்

தண்ணீர் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் நான் எழுத வேண்டும். வீக்கம் நீர்தானே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குறைத்தால் உடம்பு இருப்பதைப் பிடித்து வைக்கும், மலச்சிக்கல் கூடும். எங்கள் இடத்தில் காரணம் வேறு. பாத்ரூம் போனால் பீஸ் குறையும், சூப்பர்வைசர் பார்ப்பார், நாப்கின் மாற்ற இடம் சுத்தமாக இல்லை. நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் பாத்ரூம் சாவியைக் கேட்டு வாங்க வேண்டும், ஆண் மேற்பார்வையாளரிடம். பெண்கள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். தாகத்தைப் பசி என்று நினைத்துச் சாயங்காலம் பஜ்ஜிக் கடையில் நிற்பார்கள். இதற்கு டயட் சார்ட் பதில் இல்லை, பாத்ரூம்தான் பதில். இப்போது என் பகுதியில் சாவி கிடையாது.

நீர் போகும் மாத்திரை பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார், பக்கத்து வீட்டு அக்கா பிபிக்குப் போடுவதை வாங்கிப் போடலாமா என்று. வேண்டவே வேண்டாம். தண்ணீரோடு பொட்டாசியமும் சோடியமும் போய் மயங்கி விழுந்த பெண்ணை நான் தூக்கியிருக்கிறேன். மாத்திரை நின்றதும் நீர் திரும்பிவரும்.

உப்பு: நாள் ஒன்றுக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், ஒரு டீஸ்பூன், அதுதான் வரம்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், மிக்சர் இவை இருக்கும் வீட்டில் அந்த ஸ்பூன் மதியத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு வாரம் ஊறுகாய்க்குப் பதில் பிரண்டைத் துவையலோ கொத்தமல்லித் துவையலோ உப்பு குறைத்து அரைத்து வையுங்கள். நாக்குக்குச் சுருக்கென்று ஒன்று வேண்டும், அதை மறுத்தால் மறுபடி டப்பாதான்.

27 ஜூன்

"எனக்கு மிக்சர் இல்லை அக்கா, பச்சரிசி. முறத்தில் புடைக்கும்போது ஒரு பிடி வாயில் போட்டால் நிறுத்த முடிவதில்லை. அந்த நாட்களில் அதிகம்."

தங்கச்சி, நீங்கள் இந்த வாரமே போய் ஹீமோகுளோபின் பாருங்கள். பச்சரிசி, ஐஸ் கட்டி, திருநீறு, சிலேட்டுக் குச்சி, செம்மண் வாசம் என்று ஏக்கம் வந்தால் அது சாதாரணப் பசி அல்ல, இரும்புச்சத்துக் குறைவில் அடிக்கடி வருவது. எனக்கும் கல்யாணமான புதிதில் அரிசி மெல்லும் பழக்கம் இருந்தது. வயிற்றில் பூச்சி, பல் கெட்டுவிடும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ரத்தம் பார்த்தபோது 8.4. மாத்திரை போட ஆரம்பித்துச் சில வாரத்திலேயே அரிசி மேல் இருந்த ஆசை தானாகப் போய்விட்டது. அடக்கவில்லை, போய்விட்டது.

கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருந்தது. பாதிக்கு மேல். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களிலும் பாதிக்கு மேல் இருக்கலாம். சோர்வு, படி ஏறினால் மூச்சு, தலைசுற்றல், இனிப்புத் தின்றால் தெம்பு வரும் என்ற எண்ணம், எல்லாம் அதோடு வரும். அந்தச் சோர்வைப் பசி என்று எடுத்துக்கொண்டு தின்கிறோம், பிறகு எடைக்கு அழுகிறோம்.

சாப்பாட்டில்: ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்) கிடைத்தால் வாரம் ஒரு முறை. கர்ப்பமாக இருப்பவர்கள் ஈரலை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சைவம் என்றால் பயறு, கொள்ளு, கீரை, எள். கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் எளிதில் ஏறாது, எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் கூட வேண்டும். சாப்பாட்டோடு டீ காபி வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளுங்கள். 8, 9 என்று இருக்கிறவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

27 ஜூன், இரவு

அரிசி பற்றி எழுதியதும் இத்தனை பேர் "எனக்கும்" என்று வருவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அதில் ரத்தம் எட்டு நாள், கட்டி கட்டியாகப் போகிறது என்கிறவர்கள் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். போவதை நிறுத்தாமல் மாத்திரை மட்டும் போட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

6 ஜூலை

சாக்லேட். அந்த நாளில் சாக்லேட் கேட்பது உடம்பு மெக்னீசியம் கேட்பது என்று படம் போட்டுப் பலரும் அனுப்புகிறார்கள். மெக்னீசியம் கேட்கிற உடம்பு எள்ளையும் பூசணி விதையையும் அல்லவா கேட்க வேண்டும், அவற்றில் இன்னும் அதிகம். 2017இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், அங்கேயே பிறந்த குடும்பத்துப் பெண்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு மாதவிடாயை ஒட்டிச் சாக்லேட் ஆசை வருவதாகச் சொன்னார்கள். வெளிநாட்டில் பிறந்து வந்தவர்களிடம் அது ஏறக்குறைய அதில் பாதிதான். கருப்பை எல்லாருக்கும் ஒன்றுதான், வளர்ந்த வீடு வேறு. பசியை உடம்பு தருகிறது, எதைத் தின்பது என்பதைப் பழக்கம் சொல்கிறது. என் அம்மாவுக்கு அந்த நாட்களில் கருவாட்டுக் குழம்பு, என் அத்தைக்கு வெல்லம். சாக்லேட் அந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை.

அதனால் பிடித்ததைத் தின்னக் கூடாது என்று சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு தின்னுங்கள், சாப்பாட்டுக்குப் பதிலாக வேண்டாம். நிறைந்த வயிற்றில் ஒரு கடலைமிட்டாய் போதும். வெறும் வயிற்றில் பாக்கெட் தீர்ந்துவிடும்.

20 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. கூழ் ஊற்றும் மாதத்தில் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. கேழ்வரகு மாவு 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் ஒரு சிறு துளிதான். கால்சியத்தை நான் எடுப்பதற்குக் காரணம், 1998இல் அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனை ஒன்று. பீரியட்ஸுக்கு முன் அவதிப்படும் பெண்களுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்தார்கள், இன்னொரு பகுதியினருக்கு ஒன்றுமில்லாத மாத்திரை. மூன்றாவது சுழற்சியில் கால்சியம் எடுத்தவர்களுக்கு மொத்த அவதி 48 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு 30. அந்த அவதிப் பட்டியலில் வீக்கமும் தின்னும் ஆசையும் இருந்தன.

ஒன்றுமில்லாத மாத்திரையிலேயே 30 குறைந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கால்சியம் மந்திரம் இல்லை. ஆனால் நம் பெண்களுக்குத் தினம் தேவையான 1,000 மில்லிகிராம் எப்படியும் கிடைப்பதில்லை, ஆகவே இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒரு பெரிய டம்ளர் கூழ், ஒரு டம்ளர் தயிர் அல்லது மோர், கொஞ்சம் எள், முள்ளோடு தின்னும் நெத்திலி என்று போனால் அந்த எண்ணை நெருங்கலாம். கூழுக்குச் சின்ன வெங்காயம் வையுங்கள், மோர் மிளகாயை ஒன்றோடு நிறுத்துங்கள். மாத்திரையாக எடுப்பவர்கள் இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள், ஒன்றை ஒன்று தடுக்கும். ஒன்று காலையில், ஒன்று ராத்திரி. சிறுநீரகக் கல் வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

23 ஜூலை

ஆடி என்றதும் வந்த அடுத்த கேள்வி: கோயிலுக்குப் போவதற்காகத் தேதி தள்ளிப்போட மாத்திரை போட்டேன், உடம்பு ஊதிவிட்டது, அகோரப் பசி, இது நிரந்தரமா?

நிரந்தரம் இல்லை. அந்த மாத்திரையில் இருப்பது நோரெதிஸ்டிரோன், புரோஜெஸ்டிரோன் வகை. உடம்பு தன் "முந்தைய வார"த்தை முடிக்கவிடாமல் நீட்டுகிறோம், ஆகவே உப்புசம், மார்பு வலி, பசி எல்லாமும் நீள்கிறது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் தேதி வரும், சில நாளில் வடியும். ஆனால் இதை மெடிக்கலில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவது நம் ஊரில் சர்வ சாதாரணம் ஆகிவிட்டது. மாமியார் வாங்கி வைக்கிறார், கல்யாண வீட்டில் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், கல்லீரல் கோளாறு, கண்ணில் மின்னல் தெரியும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது ஆபத்து. டாக்டர் கேட்கும் நான்கு கேள்விகளை மெடிக்கல்காரர் கேட்பதில்லை. ஒவ்வொரு விசேஷத்துக்கும் போட வேண்டுமா என்பதை அவரவர் வீட்டில் பேசுங்கள். நான் போடுவதை நிறுத்திவிட்டேன். ஆத்தா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

2 ஆகஸ்ட்

கருத்தடை ஊசியும் காப்பர் டியும். அரசு மருத்துவமனையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியில் எடை ஏறுவது உண்டு, எல்லாருக்கும் இல்லை. முதல் ஆறு மாதத்தில் வேகமாக ஏறினால் மாற்று கேளுங்கள். கருத்தடை மாத்திரையால் பெரிதாக எடை ஏறுகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. காப்பர் டியில் ஹார்மோனே கிடையாது, எடையோடு சம்பந்தமில்லை. ஆனால் ரத்தப்போக்கு கூடலாம், ஆகவே மேலே இரும்பு பற்றி எழுதியதைப் படியுங்கள்.

9 ஆகஸ்ட்

இதுவரை எழுதியது எல்லாம் மாதா மாதம் தேதி வருகிறவர்களுக்கு. இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளிப்போகிறவர்களுக்கு இந்த நாள் கணக்கு பொருந்தாது. 35 நாளுக்கு மேல் தொடர்ந்து போனால், முகத்தில் முடி, கழுத்தில் கறுப்பு, எடை இறங்காமல் ஏறிக்கொண்டே இருந்தால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறதா பாருங்கள். தைராய்டும் சர்க்கரையும் சேர்த்துப் பாருங்கள். "முதலில் வெயிட்டைக் குறைச்சிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார் ஒரு டாக்டர் என்று அழுது எழுதியிருக்கிறார் ஒரு பெண். எடை குறைந்தால் தேதி சீராவது உண்மை, பத்து கிலோ கூடத் தேவையில்லை, உடம்பு எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாற்றம் தெரியும். ஆனால் குறைக்க வழி சொல்லாமல் அனுப்புவது வைத்தியம் ஆகாது. வேறு டாக்டரைப் பாருங்கள், ரிப்போர்ட்டை எல்லாம் கையில் எடுத்துக்கொண்டு.

10 ஆகஸ்ட்

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று எழுதிவிட்டு ஒருவர் கொள்ளுத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார். கொள்ளு நல்லது. 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம், நார் வேறு, ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டல் தின்றால் ராத்திரி வரை வயிறு நிற்கும். அதன் பலன் அங்கே இருக்கிறது. வேகவைத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுக் கொள்ளைக் கொட்டினால் கொழுப்புக் கரையாது. தண்ணீரை ரசம் வையுங்கள், கொள்ளைத் தின்னுங்கள்.

31 ஆகஸ்ட்

ஒரு தனிச் செய்தி வந்தது. யாரென்று சொல்லப்போவதில்லை, ஆனால் பதிலைப் பொதுவில் எழுதச் சம்மதித்தார். தேதிக்கு முந்தைய வாரம் தின்கிறார், தின்றதும் வெறுப்பு, போய் வாந்தி எடுக்கிறார். பிள்ளையை அடிக்கிறார். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது. தேதி வந்த இரண்டாம் நாள் எல்லாம் விலகி, வேறு ஆளாகிறார்.

இதற்கு இட்லிக் கணக்கு போதாது. தேதிக்கு முன் வந்து, தேதி வந்ததும் விலகுகிற இந்தக் கடுமையான நிலையை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் தனியாகவே சேர்த்தார்கள். அளவு மீறித் தின்பது, குறிப்பிட்ட ஒன்றுக்காக ஏங்குவது இரண்டும் அதன் அறிகுறிகளில் எழுதப்பட்டிருக்கின்றன. மருத்துவம் இருக்கிறது. மன அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளை அந்த இரண்டு வாரம் மட்டும் கொடுத்தே பலருக்குக் குணம் தெரிகிறது. இரண்டு மாதம் தினமும் மனநிலையைக் காலண்டரில் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குச் சீக்கிரம் புரியும், ஆனால் குறித்து முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சாகத் தோன்றும் அன்றே 14416க்கு அழையுங்கள். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். வாந்தி எடுப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அது தனியாகவே சிகிச்சை தர வேண்டிய விஷயம்.

இந்த இழையில் "கட்டுப்பாடு வேண்டும்" என்று எழுதுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இப்படி ஒருத்தி அதைப் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

14 செப்டம்பர்

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். காலைச் சாப்பாடு பிடிபட்டுவிட்டது, சுண்டல் பாதி நாள். எடை அந்த வாரம் இன்னும் ஒரு கிலோ ஏறத்தான் செய்கிறது, ஆனால் மிக்சர் பக்கம் போகத் தோன்றவில்லையாம். வீட்டுக்காரர் ராத்திரி தோசை ஊற்றித் தருகிறாராம். அவருக்கு என் வணக்கம்.

அந்த ஒரு கிலோ இனியும் ஏறும், இறங்கும். அதைச் சரிசெய்ய முயல வேண்டாம். தூக்கத்தை மட்டும் பாருங்கள். ஐந்து மணி நேரம் தூங்கிய மறுநாள் பசி எந்த வாரத்திலும் கூடத்தான் செய்யும், அந்த வாரத்தில் இரட்டிப்பாகத் தெரியும். தீபாவளி ஓவர்டைம் தொடங்கும் நேரம் என்பதால் சொல்கிறேன்.

5 அக்டோபர்

"மகளுக்குப் பன்னிரண்டு வயது. வயதுக்கு வந்து ஆறு மாதம். உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமாகக் கொடுத்ததில் நான்கு கிலோ ஏறிவிட்டாள். இப்போது அவளே சாப்பாட்டைக் குறைக்கிறாள். நல்லதுதானே?"

நல்லதில்லை. அந்த வயதில் எடை ஏறுவது வளர்ச்சி. இடுப்பும் தொடையும் பெருக்க வேண்டிய நேரம், எலும்பு அடர்த்தி சேரும் வயது, உயரமும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தேதியே ஒழுங்காக வராது, பசியும் ஒழுங்காக இராது. களி நல்ல சாப்பாடு, ஆனால் கட்டாயப்படுத்தித் தினமும் எண்ணெய் குடிக்க வைக்க வேண்டாம், வாரம் இரண்டு நாள் போதும். பள்ளியில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தின்கிறாளா, குப்பையில் போடுகிறாளா என்று கேளுங்கள். வயிற்றைப் பிரட்டுகிறது என்று பல பிள்ளைகள் போட்டுவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் பிரட்டல் குறையும்.

எடை மெஷினை அவள் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அவள் உடம்பைப் பற்றி யாரும், பாட்டி உட்பட, அவள் முன் பேச வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். அவள் குறைப்பது தொடர்ந்தால், அல்லது வந்துகொண்டிருந்த தேதி மூன்று மாதம் நின்றால், குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மதிய டப்பாவில் முட்டை வைக்கிறீர்களா, தம்பிக்கு மட்டும் வைக்கிறீர்களா?

6 அக்டோபர்

பதில் வந்தது, தம்பிக்கு மட்டும்தான் என்று. நாளையிலிருந்து இரண்டு முட்டை வேகவையுங்கள்.